பெத்தவங்களுக்கு யார் பாடம் எடுப்பாங்க? பாளையங்கோட்டையில இருந்து ஆய்க்குடி வரைக்கும் ஒரு வரலாறு

இந்த எபிசோடை ஒரு பெஞ்சுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்கா பையனுக்கு ரெண்டே கால் வயசு. நல்லா ஓடுவான், நல்லா சிரிப்பான். பேச்சு மட்டும் வரல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பாதி நேரம் திரும்ப மாட்டான். எங்க ஆச்சி, "ஏட்டி, ஆம்பளப்பிள்ள பிந்தித்தான் பேசும். உன் மாமன் மூணு வயசுக்குப் பொறவுதான் வாயைத் தொறந்தான்"னு சொல்லி முடிச்சிட்டாங்க. அத்தான் செல்போனைக் குத்தம் சொன்னார். அக்கா தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டா.

கடைசியில ஒரு தெரபி சென்டர்ல சேர்த்தோம். வாரத்துக்கு ரெண்டு நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம். பையனை உள்ளே கூட்டிட்டுப் போய் கதவைச் சாத்திடுவாங்க. அக்கா வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருப்பா. உள்ளே இருந்து சில நாள் அழுகை கேட்கும், சில நாள் எதுவுமே கேட்காது. வெளியே வரும்போது "இன்னைக்குப் பரவாயில்லம்மா"ன்னு ஒரே ஒரு வரி. நாலு மாசம் போனோம். உள்ளே என்ன நடக்குதுன்னு அக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எனக்கு உடனே கணக்குதான் தோணுச்சு. ரெண்டு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு 10 மணி நேரம் முழிச்சிருக்குதுன்னு வைங்க. வாரத்துக்கு 70 மணி நேரம். சென்டர்ல இருக்கிறது ஒன்றரை மணி நேரம். மீதி 68.5 மணி நேரம் அவன் அம்மா, அப்பா, ஆச்சி கூடத்தான் இருக்கான். அந்த 68.5 மணி நேரத்துல என்ன செய்யணும்னு எங்க யாருக்குமே யாரும் சொல்லித் தரல.

பிள்ளைக்குப் பாடம் எடுக்க ஆள் இருக்கு. பெத்தவங்களுக்கு யார் எடுப்பாங்க? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சப்போ, பதில்ல ஒரு பெரிய பகுதி எங்க ஊர்ப் பக்கத்துலயே இருந்துச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல் கட்டம்: பிள்ளையைக் கொண்டு வந்து விடுங்க

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொல்வாங்க. ஜான்ஸ், சேவியர்ஸ், சாரா டக்கர்னு பள்ளிக்கூடமும் கல்லூரியுமா நிறைஞ்ச ஊர். ஆனா இந்த ஊருக்கு இன்னொரு பெருமை இருக்கு. அது பலருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கல்வி தென்னிந்தியாவுல வேர் பிடிச்ச முதல் இடங்கள்ல இதுவும் ஒண்ணு.

1890-கள்ல ஆஸ்க்வித் அப்படிங்கிற மிஷனரி அம்மையார் இங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலையைத் தொடங்கினார். அதே பத்தாண்டோட கடைசியில ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அப்படிங்கிற இன்னொரு அம்மையார், காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல அப்படிப்பட்ட பள்ளிகள் பம்பாய், கல்கத்தா மாதிரி பெருநகரங்கள்லதான் இருந்துச்சு. தாமிரபரணிக் கரையில இருந்த ஒரு சின்ன ஊர் அந்தப் பட்டியல்ல சேர்ந்துச்சு. ரெண்டு பள்ளிகளும் நூறு வருஷம் தாண்டி இன்னைக்கும் நடக்குது. ஸ்வெய்ன்சன் அம்மையார் பேர்லயே அந்தப் பள்ளி இருக்கு.

அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. காது கேளாத பிள்ளைன்னா வீட்டுல ஒரு மூலையில இருக்கும். "ஊமை"ன்னு பேர் வச்சு, முன்ஜென்ம வினைன்னு சொல்லி விட்டுடுவாங்க. அந்த நிலைமையில ஒரு பள்ளிக்கூடம் வந்து, "இந்தப் பிள்ளை படிக்கும், தொழில் கத்துக்கும், சம்பாதிக்கும்"னு காட்டினது பெரிய விஷயம். அதை யாரும் குறைச்சுப் பேச முடியாது.

ஆனா அந்த ஏற்பாட்டோட வடிவத்தைக் கவனிங்க. பள்ளி ஒரு ஊர்ல இருக்கு. பிள்ளைகள் நாலா பக்கத்துல இருந்தும் வரணும். பஸ் வசதி இல்லாத காலம். அதனால விடுதி. பிள்ளை வருஷம் முழுக்க அங்கே, அம்மா அப்பா ஊர்ல. பள்ளியில சேர்ற வயசுன்னா அஞ்சு, ஆறு. அதுக்கு முன்னாடி இருந்த அஞ்சு வருஷமும் வீணாத்தான் போயிருக்கும். லீவுக்கு வீட்டுக்கு வர்ற பிள்ளைகிட்ட எப்படிப் பேசுறதுன்னு பெத்தவங்களுக்குத் தெரியாது. நிபுணர்கிட்ட அறிவு இருக்கு, பெத்தவங்ககிட்ட பாசம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல பாலம் இல்ல.

எங்க அக்கா உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சும் அதே இடைவெளியிலதான் கிடந்துச்சு.

இரண்டாம் கட்டம்: அம்மாவும் உள்ளே வரட்டும்

இப்போ கொஞ்சம் தூரமா போவோம், ஹாலிவுட்டுக்கு.

ஸ்பென்சர் ட்ரேசின்னு ஒரு பெரிய நடிகர். அவருக்கும் லூயிஸ் ட்ரேசிக்கும் 1924-ல ஜான்னு ஒரு மகன் பிறந்தான். கொஞ்ச மாசத்துலயே அவனுக்குக் காது கேட்கலைன்னு தெரிஞ்சுது. லூயிஸ் தானே படிச்சு, தானே மகனுக்குப் பேசக் கத்துக் கொடுத்தார். பிறகு 1942-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல மகன் பேர்லயே ஒரு கிளினிக் தொடங்கினார். அங்கே பாடம் முக்கியமா பெத்தவங்களுக்குத்தான். அது மட்டும் இல்ல, தபால் வழிப் பாடமும் அனுப்பினாங்க, இலவசமா. எந்த ஊர்ல இருந்தாலும் ஒரு அம்மா கடிதம் எழுதினா, வீட்டுல இந்த வாரம் என்ன செய்யணும்னு பாடம் வரும். அந்தக் காலத்து ஆன்லைன் கோர்ஸ்னே சொல்லலாம்.

அடுத்தது 1969. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல போர்ட்டேஜ்னு ஒரு சின்ன ஊர். சுத்தி முழுக்கக் கிராமம். வளர்ச்சியில பிந்தின சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் போட நினைச்சாங்க. ஆனா பிள்ளைகள் அங்கொண்ணு இங்கொண்ணா சிதறி இருக்காங்க. எல்லாரையும் வண்டி வச்சு ஒரே இடத்துக்குக் கொண்டு வர முடியாது. அதனால திட்டத்தைத் தலைகீழாப் போட்டாங்க: ஆசிரியர் வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போவார். ஒரு சின்ன வேலையை அம்மா கண் முன்னாடி செஞ்சு காட்டுவார். அப்புறம் அம்மாவை அதே வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். வாரம் முழுக்க அம்மா செய்வாங்க. அடுத்த வாரம் வந்து எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பார்த்து, அடுத்த வேலையைக் கொடுப்பார். போர்ட்டேஜ் முறைன்னு பேர் வாங்கி இது பல நாடுகளுக்குப் போச்சு, இந்தியாவுக்கும் வந்துச்சு.

அதே 1969-ல நம்ம சென்னையில பால வித்யாலயா தொடங்குச்சு. காது கேளாத மழலைகளுக்கான பள்ளி. அங்கே சேர்ற பிள்ளையோட அம்மாவும் வகுப்புக்கு வரணும். பக்கத்துல உட்காரணும், ஆசிரியர் எப்படிப் பேசுறாங்கன்னு பார்க்கணும், தானும் பேசணும். வெளியே பெஞ்சுல உட்கார வேண்டியதில்ல. சின்ன வயசுலயே காது கருவி, நாள் முழுக்கப் பேச்சு, அஞ்சு வயசு வாக்குல சாதாரணப் பள்ளிக்கு அனுப்புறது. இதுதான் அவங்க வழி.

இந்த மூணு கதையிலயும் ஒரே எண்ணம்தான். பிள்ளையோட முதல் ஆசிரியர் அம்மா அப்பாதான்னு நாம மேடையில சும்மா சொல்லுவோம். இவங்க அதை நிஜமா எடுத்துக்கிட்டு, அந்த ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தாங்க.

மூன்றாம் கட்டம்: ஆய்க்குடி

இப்போ திரும்ப நம்ம பக்கம் வருவோம். தென்காசிக்குப் பக்கத்துல ஆய்க்குடி. 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், இப்போ தென்காசி மாவட்டம். முருகன் கோயிலுக்குப் பேர் போன ஊர். பக்கத்துல ஓடுற அனுமன் நதி சிற்றாத்துல சேரும், சிற்றாறு தாமிரபரணியில சேரும். ஆக அதுவும் நம்ம ஆத்துத் தண்ணி குடிக்கிற ஊர்தான்.

அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். இன்ஜினியரிங் மாணவர். 1975 ஜனவரியில கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் போனார். உடல் திறன் தேர்வுல விழுந்து கழுத்துல அடி. தண்டுவடம் பாதிச்சு, கழுத்துக்குக் கீழே அசைவு போயிடுச்சு. இந்தப் பகுதியை எழுதும்போது நான் கொஞ்ச நேரம் நிறுத்திட்டேன். நானும் அந்த வயசுல இன்ஜினியரிங் படிச்சேன். அப்போ என்னோட பெரிய கவலை அரியர் மட்டும்தான்.

ராணுவ மருத்துவமனையில அவருக்கு சிகிச்சை கொடுத்தவர் அமர்ஜித் சிங் சஹல் அப்படிங்கிற மருத்துவர். ஊருக்குத் திரும்பின ராமகிருஷ்ணன் 1981-ல ஒரு அமைப்பைத் தொடங்கினப்போ, அந்த மருத்துவர் பேரை நினைச்சு அமர் சேவா சங்கம்னு பேர் வச்சார். 1981-ஐ ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டுன்னு அறிவிச்சிருந்துச்சு. தொடக்கத்துல ஒரு கூரைக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் பிள்ளைகள்.

1990-கள்ல எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். பட்டயக் கணக்காளர். தசைச் சிதைவு நோயால சக்கர நாற்காலியில இருக்கிறவர். ரெண்டு பேரும் சேர்ந்து அமைப்பை வளர்த்தாங்க. பள்ளி, விடுதி, பிசியோதெரபி, காலிபர் செய்யுற பட்டறை, தொழிற்பயிற்சி, தண்டுவடம் பாதிச்சவங்களுக்கான மறுவாழ்வுப் பிரிவுன்னு ஒரு வளாகமே உருவாச்சு. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

இதுவரைக்கும் கேட்டா, பாளையங்கோட்டைப் பள்ளிகள் மாதிரியே இன்னொரு நல்ல நிறுவனம்னு தோணும். எனக்கு சுவாரஸ்யமா இருந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. வளாகத்துக்கு வர முடிஞ்சவங்க வந்தாங்க. வர முடியாதவங்க? ஒரு பீடி சுத்துற அம்மாவை நினைச்சுக்கோங்க. எங்க மாவட்டத்துல பீடி சுத்துற வீடுகள் நிறைய. ஒரு நாள் தெரபிக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறினா அன்னைக்குக் கூலி போச்சு. பஸ் காசும் போச்சு. ரெண்டாவது மாசம் அவங்க நின்னுடுவாங்க. அது அலட்சியம் இல்ல, கணக்கு.

அதனால சங்கம் வளாகத்தை விட்டு வெளியே போச்சு. கிராமங்கள்லயே வேலை செய்யுற சமூக மறுவாழ்வுப் பணியாளர்களைப் பயிற்சி கொடுத்து உருவாக்கினாங்க. பெரும்பாலும் அந்தந்தப் பகுதிப் பெண்கள்தான். அவங்க வீட்டுக்கே போவாங்க. போய் என்ன செய்வாங்க? பிள்ளையைத் தூக்கித் தானே தெரபி கொடுத்துட்டு வந்துட மாட்டாங்க. அம்மாவையோ அப்பாவையோ ஆச்சியையோ பக்கத்துல உட்கார வச்சு, அவங்க கையால செய்ய வைப்பாங்க. இந்தக் குடும்பத்துக்கு முதல்ல என்ன வேணும்னு கேட்பாங்க. "தானா உட்கார்ந்து சாப்பிடணும்"னு அம்மா சொன்னா, இலக்கு அதுதான். இதைக் குடும்பம் சார்ந்த ஆரம்பகாலத் தலையீடுன்னு சொல்றாங்க. பேரு கனமா இருக்கு, விஷயம் எளிசு: குடும்பம்தான் நடுவுல, நிபுணர் பக்கத்துல.

இதுல பாசிட்டிவ் பேரன்டிங் எங்கே வருது? "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்"னு பழமொழி வச்சிருக்கிற ஊர் நம்ம ஊர். பிள்ளை செய்யாததைத்தான் நாம கண்ணுல எண்ணெய் விட்டுப் பார்ப்போம். இந்த முறை அதைத் திருப்பிப் போடுது. பிள்ளை எதைப் பார்க்குதோ அதைப் பத்திப் பேசுங்க. ஒரு சத்தம் கொடுத்தா பதில் சத்தம் கொடுங்க. சின்னதா ஒண்ணு செஞ்சா உடனே பாராட்டுங்க. குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது, துணி மடிக்கிறது, எல்லாத்தையுமே பயிற்சியா மாத்துங்க. தனியா பொம்மை வாங்க வேண்டாம். கிண்ணமும் கரண்டியும் போதும்.

நான்காம் கட்டம்: ஒரு ஆப்

இனிமே வர்றது என் ஏரியா.

கிராமத்துல இருக்கிற பணியாளர் பிசியோதெரபிஸ்ட் இல்ல, ஸ்பீச் தெரபிஸ்டும் இல்ல. நிபுணர்கள் கொஞ்சப் பேர்தான், வீடுகளோ நிறைய. இந்த இடைவெளிக்கு அமர் சேவா சங்கம் எனேபிளிங் இன்க்ளூஷன்னு ஒரு ஆப் உருவாக்கினாங்க. பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோட வளர்ச்சியைக் கேள்வி கேள்வியா பதிவு பண்ணுவார். அதைத் தூரத்துல இருந்து நிபுணர் பார்த்து, திட்டம் போட்டு, வழி சொல்வார். போன மாசம் என்ன இலக்கு, இந்த மாசம் எவ்வளவு முன்னேற்றம்னு எல்லாம் ஒரே இடத்துல இருக்கும்.

நம்ம துறையில ஒரு வழக்கம் உண்டு. ஆப் செஞ்சா பிரச்சினை தீர்ந்துடும்னு நினைப்போம். இங்கே ஆப் யாருக்குப் பதிலாவும் வரல. வீட்டுக்கு ஒரு மனுஷி போறாங்க, அவங்க கையில இருக்கிற நோட்டுதான் இந்த ஆப். கோவிட் ஊரடங்கு வந்து வீட்டுக்கே போக முடியாம போனப்போ, போன்லயும் வீடியோ கால்லயும் பெத்தவங்களுக்கு வழிகாட்டினாங்க. அப்போதான் இந்த முறையோட பலம் புரியும். தெரபி ஒரு அறைக்குள்ளே மட்டும் இருந்திருந்தா, அறை பூட்டினதும் எல்லாம் நின்னிருக்கும். அம்மாவோட கையில இருந்ததால தொடர முடிஞ்சுது.

இன்னொண்ணும் எனக்குப் பிடிச்சது. இவங்க வேலையைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கு. பிள்ளை எவ்வளவு முன்னேறுச்சுன்னு மட்டும் அதுல பார்க்கல. பெத்தவங்களோட மன அழுத்தம், பராமரிப்புச் சுமை, பணியாளர்களோட வேலைச் சூழல், பிள்ளை பள்ளியில சேர்ந்துச்சான்னு எல்லாத்தையும் அளந்திருக்காங்க. நாலு மாசம் பெஞ்சுல உட்கார்ந்திருந்த எங்க அக்காகிட்ட, "நீ எப்படி இருக்கே"ன்னு ஒருத்தரும் கேட்கல.

ஒரு எதிர்க் கேள்வி

எபிசோடுக்காகப் பேசிட்டிருந்தப்போ அக்காதான் என்னை நிறுத்தினா. "எல்லாம் சரிடா. கடைசியில எல்லா வேலையையும் அம்மா தலையிலதானே கட்டுறீங்க? பிள்ளை பேசலைன்னாலும் என் குத்தம், பேச வைக்கலைன்னாலும் என் குத்தமா?"

இது நியாயமான கேள்வி. நான் மேலே சொன்ன கதைகள்ல எத்தனை தடவை "அம்மா"ன்னு சொன்னேன், எத்தனை தடவை "அப்பா"ன்னு சொன்னேன்னு எண்ணிப் பாருங்க. பெத்தவங்களுக்குப் பயிற்சின்னு சொல்லி, நடைமுறையில அது அம்மாவுக்கு மட்டும் வீட்டுப்பாடமா மாறுற ஆபத்து இருக்கு. அதே மாதிரி, அரசாங்கம் நிபுணர்களை நியமிக்காம "வீட்டுலயே பார்த்துக்கோங்க"ன்னு கை கழுவவும் இதையே சாக்கா சொல்லலாம்.

அதனால நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிறேன். பெத்தவங்களுக்குக் கத்துக் கொடுக்கிறது நிபுணருக்குப் பதில் இல்ல. நிபுணர் வேணும், வாரா வாரம் வர்ற ஆள் வேணும், அம்மாவோட அப்பாவும் தரையில உட்காரணும். இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் சுமை ஒரே ஆள் மேல விழும்.

நம்ம வீட்டுக்கு வந்தா

எங்க கதையோட மீதி. அந்த சென்டரை விட்டுட்டு, வேற ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட போனோம். அவங்க முதல் நாளே பாயை விரிச்சு, "நீங்க ரெண்டு பேரும் விளையாடுங்க, நான் பார்க்கிறேன்"னு அக்காவையும் அத்தானையும் உட்கார வச்சாங்க. பத்து நிமிஷம் கழிச்சு அத்தான்கிட்ட, "சார், நீங்க அஞ்சு கேள்வி அடுத்தடுத்து கேட்டுட்டீங்க. ஒண்ணு கேட்டுட்டு மனசுக்குள்ளே பத்து வரைக்கும் எண்ணுங்க"ன்னாங்க. அத்தான் எண்ணினார். ஏழுல பையன் பந்தைக் காட்டி "தா"ன்னான். அத்தான் அழுதுட்டார். பையனுக்கு இப்போ அஞ்சு வயசு. இன்னும் மத்த பிள்ளைகள் அளவுக்குப் பேசல. ஆனா தனக்கு என்ன வேணும்னு சொல்றான், எங்ககிட்ட சண்டையும் போடுறான்.

உங்க வீட்டுல சின்னப் பிள்ளை இருந்தா இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு வயசுல பேரைக் கூப்பிட்டா திரும்பணும். ஒன்றரை வயசு வாக்குல சில ஒத்தைச் சொற்கள் வரணும். ரெண்டு வயசுல ரெண்டு சொல் சேர்த்துப் பேசணும். வரலைன்னா பயப்பட வேண்டாம், ஆனா காத்திருக்கவும் வேண்டாம். முதல்ல காதைச் சோதிங்க. 1975-ல தொடங்கின அங்கன்வாடித் திட்டம் உங்க தெரு வரைக்கும் இருக்கு, அங்கே கேளுங்க. 2013-ல தொடங்கின தேசியச் சிறார் நலத் திட்டத்துல பிள்ளைகளைப் பரிசோதிச்சு மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. அது இலவசம்.

அப்புறம், எந்த தெரபிஸ்ட்கிட்ட போனாலும் முதல் நாளே ஒரு கேள்வி கேளுங்க: "நாங்களும் உள்ளே உட்காரலாமா?"

உங்க அனுபவம் இருந்தா எனக்கு எழுதுங்க. அக்காவும் படிப்பா. அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.